வேலியில் காய்ந்த பாய்

1

எனக்கு எண்பத்தேழு வயது. பெற்றது ஆறு, வளர்த்தது ஏழு. கணக்கு இடிக்கிறதே என்று யாரும் திருத்த வேண்டாம். அந்த ஏழாவது ஆள் என்னைவிட இரண்டே வயது சின்னவள். அவளைப் பற்றித்தான் இது.

சேலம் ஜில்லாவில் நான் பிறந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு விழா மலர் போடுகிறார்களாம். என் தம்பியின் பேரன் போன் போட்டான்.

"அத்தைப்பாட்டி, மலேசியா பத்தி நாலு பக்கம் குடுங்க. ரப்பர் தோட்டத்துல பட்ட கஷ்டம், அட்டைக்கடி, கோலாலம்பூர்ல இருக்கிற அந்த ரெட்டைக் கட்டடம், எல்லாம் வரணும்" என்றான்.

அட்டை கடித்தது உண்மை. ஊரில் கடிப்பது போலத்தான் இங்கேயும் கடித்தது, அதற்கு நாலு பக்கம் தேவையில்லை. ரெட்டைக் கட்டடத்தை நானும் உன்னைப் போல டிவியில்தான் பார்த்தேன், தம்பி. கப்பலில் கல்யாணப் பெண்ணாக வந்ததை எழுதலாம் என்றால், வாந்தியைத் தவிர ஒன்றும் நினைவில்லை.

"வேற ஒண்ணு சொல்றேன், போடுவியா?" என்று கேட்டேன். "கண்டிப்பா போடுறேன்" என்றான். சொன்னது சொன்னதுதான். படித்துவிட்டுப் பின்வாங்கக் கூடாது.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. என் பேரை எழுதுவேன், பஸ்ஸில் ஊர்ப்பேர் படிப்பேன். நான் சொல்லச் சொல்லப் பேத்தி மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு தட்டுகிறாள். மேலே எண் போட்டதும் அவள்தான். நான் மூச்சு வாங்க நிறுத்தும் இடத்திலெல்லாம் ஒரு எண் போட்டுவிடுகிறாள்.

2

இவள் என் மூத்த மகனின் மகள். பெரிய படிப்புப் படிக்கப் போன இடத்தில் மனசு சரியில்லாமல் போய்விட்டது. அவனுக்குக் கோலாலம்பூர் பக்கம் சுபாங்கில் மாடி வீடு, கேட்டில் காவல்காரன். அங்கே மகளை வைத்திருந்தால் அக்கம்பக்கம் கேட்குமாம். அதனால் புக்கிட் ரோத்தானில் என் வீட்டில் கொண்டு வந்து விட்டான். எங்கள் அக்கம்பக்கத்துக்குக் காது இல்லை என்று நினைத்தான் போல.

"உன் பேரைப் போடட்டுமா கண்ணு?" என்று கேட்டேன்.

"பேர் வேணாம் பாட்டி. மத்தது போடுங்க, ஓகே லா" என்றாள்.

போன வாரம் அவளோடு அரசாங்க கிளினிக்குக் கோலசிலாங்கூர் போனேன். டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண். தலையில் துடோங் முக்காடு, கன்னத்தில் பரு. என் முட்டிவலியைவிட வயதில் சின்னவள். தூக்கம் வருதா, பசிக்குதா என்று மலாயில் கேட்டுக்கொண்டே வந்தவள், அதே குரலில், "பீரியட் ஒழுங்கா வருதா?" என்றாள்.

பேத்தி தரையைப் பார்த்தாள். "கொஞ்ச மாசமா வரலை."

"மார்ல ஈரம் மாதிரி ஏதாவது?"

பேத்தி தலையை மட்டும் ஆட்டினாள். எனக்கே அப்போதுதான் தெரியும்.

"பயப்படாதே. இந்த மாத்திரையில சில பேருக்கு அப்படி ஆகும். ரத்தம் எடுத்துப் பார்க்கலாம், அப்புறம் வேற மாத்தலாம். நீயா நிறுத்திடாதே, அது மட்டும் முக்கியம்."

அவ்வளவுதான். கேட்டாள், சொன்னாள், அடுத்த ஆளைக் கூப்பிடப் போனாள். நான் சிரித்துவிட்டேன். சாதாரணச் சிரிப்பு இல்லை, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். வாசலில் இருந்த மிஸ்ஸி, நர்ஸ்தான், ஓடி வந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "இதுல யாரு பேஷண்ட்?" என்று கேட்டாள்.

ஏன் சிரித்தேன் என்று பேத்தி பஸ்ஸில் கேட்டுக்கொண்டே வந்தாள். இதே ஒரு கேள்வியை மெர்டேக்காவுக்கு, இந்த நாட்டுச் சுதந்திரத்துக்கு, முந்தின வருஷம் எவனாவது கேட்டிருந்தால், ஒரு சார்ஜன், ஒரு ஜீப்பு, ஒரு கணக்கெழுதுகிற கிராணி, ஒரு வெள்ளைக்கார டாக்டர், ஒரு லயம் நிறையப் பொம்பளைகள், இத்தனை பேருக்கும் வேலை மிச்சமாகியிருக்கும்.

3

இந்தியாவில் இருக்கிறவர்களுக்கு அவசரகாலம் என்றால் வேறு ஞாபகம் வரும். இது அது இல்லை, அந்தக் காலத்தில் இங்கே வெள்ளைக்காரன் போட்டது. மலாயாவில் கம்யூனிஸ்டுகள் துப்பாக்கியோடு காட்டுக்குள் போய்விட்டார்கள். அவர்களைப் பிடிக்க முடியாத வெள்ளைக்காரன், காட்டுக்கு வெளியே இருந்த எங்களைப் பிடித்து வேலிக்குள் போட்டான். நான் வாழ வந்த ரப்பர் தோட்டத்தில், நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் முள்கம்பி. ஒரே ஒரு கேட்டு. பொழுது சாய்ந்தால் வெளியே போகக் கூடாது. காலையில் மரம் வெட்டப் போகும்போது (ரப்பர் பாலுக்குப் பட்டை சீவுவதை அப்படித்தான் சொல்வோம்) ஒரு பிடி சோறு கூடக் கொண்டு போகக் கூடாது, காட்டுக்காரனுக்குப் போய்விடுமாம். நாங்கள் பட்டினி கிடந்தால் அவன் சரணடைவான் என்று எவனோ லண்டனில் உட்கார்ந்து கண்டுபிடித்திருக்கிறான்.

கேட்டில் ஆம்பளைகளைத் தடவிப் பார்க்க ஆம்பளைப் போலீஸ். பொம்பளைகளைத் தடவிப் பார்க்கச் சூசையம்மா. புக்கிட் ரோத்தான் கடைத்தெருவிலிருந்து சைக்கிளில் வருவாள். கழுத்தில் சிலுவை, கையில் பிரம்பு, வாயில் எப்போதும் ஒரு குறை. எங்கள் முந்தானையை உதறி உதறி அவளுக்குத் தோள் வலி வந்துவிட்டதாம், அதற்கும் எங்களைத்தான் திட்டுவாள்.

அஞ்சலை என் வீட்டுக்காரருடைய தங்கச்சி. நான் வந்தபோது அவளுக்குப் பதினாறு. நல்ல வேலைக்காரி, பட்டை காயமில்லாமல் வெட்டுவாள். ஒருநாள் காலையில் அவள் நிரையில், அவள் வெட்டுகிற மரவரிசையில், அவள் கண் முன்னால், காட்டுக்காரன் வந்து, எங்களை வேலை வாங்குகிற மண்டோரைச் சுட்டுவிட்டுப் போனான். மண்டோர் யோக்கியன் இல்லைதான். ஆனாலும் அவள் வெட்டிக்கொண்டிருந்த மரத்தின் மேல்தான் சாய்ந்து விழுந்தார்.

அதற்குப் பிறகு அவள் தூங்கவில்லை. ஒவ்வொரு மரத்து முன்னாலும் நின்று, "நீ பார்த்தியா? நீ ஏன் சொல்லலை?" என்று கேட்பாள். மரம் பதில் சொல்லும் போலிருக்கிறது, காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருப்பாள். என் மாமியார் பூசாரியைக் கூட்டி வந்து வேப்பிலை அடிக்கச் சொன்னார். பூசாரிக்குக் கோழி கிடைத்தது, அஞ்சலைக்கு முதுகில் தழும்பு கிடைத்தது. கடைசியில் தோட்டத்து மருந்துக்காரரான ட்ரெஸ்ஸர் எழுதிக் கொடுத்து, வடக்கே இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

திரும்பி வந்தபோது ஆளே வேறு. உடம்பு போட்டிருந்தாள், மெதுவாகப் பேசினாள், ராத்திரியில் தூங்கினாள். கூடவே ஒரு புட்டி மாத்திரை. அப்போதுதான் புதிதாக வந்த மருந்தாம். "மரம் இப்ப மரமா இருக்கு அண்ணி" என்றாள். அதைவிட நல்ல செய்தி அந்த வருஷத்தில் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

4

இப்போது பாய் விஷயம். ஆம்பளைகள் படிக்கச் சங்கடமாக இருந்தால் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம்.

எங்கள் லயத்தில் ஒதுங்குகிற பெண் அடுப்பு பக்கம் வரமாட்டாள். மரம் வெட்டப் போவாள், அதற்குத் தீட்டு இல்லை, கம்பெனிக்குத் தீட்டு பார்த்தால் கட்டுபடியாகாது. வீட்டுக்கு வந்தால் பின்பக்கத் தாழ்வாரம், தனித் தட்டு, தனிப் பாய். மூன்றாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பாயைக் கழுவிக் காயப்போட வேண்டும். லயத்து முற்றமெல்லாம் ரப்பர் மரத்து நிழல். நல்ல வெயில் விழுகிற இடம் ஒன்றே ஒன்றுதான், வெள்ளைக்காரன் மரத்தை அழித்துப் போட்ட அந்த முள்வேலி. கம்யூனிஸ்டைத் தடுக்கக் கட்டிய வேலியில் நாங்கள் பாய் காயப்போட்டோம்.

ஆகவே எந்த வீட்டுப் பெண் எப்போது ஒதுங்கினாள் என்று லயத்துக்கே தெரியும். காவலுக்கு நின்ற போலீஸ்காரனுக்கும் தெரிந்திருக்கும். யாருடைய பாயாவது காயவில்லை என்றால், வளைகாப்புக்கு யார் வீட்டில் வளையல் வாங்குவது என்று பேச்சு ஆரம்பித்துவிடும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அஞ்சலையின் பாய் காயவே இல்லை.

மூன்றாம் வீட்டுப் பொன்னுத்தாயிதான் முதலில் கண்டுபிடித்தாள். தண்ணீர்க் குழாயடியில் என்னிடம், "என்ன காவேரி, உன் நாத்தனாருக்குப் பாய் தொலைஞ்சு போச்சா? எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு, தரட்டுமா?" என்றாள்.

"எங்க வீட்டுப் பாய் எங்க வீட்டுல இருக்கு. உன் கண்ணைத்தான் வேலியில காயப்போட்டிருக்கே, எடுத்துட்டுப் போ" என்றேன்.

சொல்லிவிட்டேன். ஆனால் அவள் கல்யாணமாகாத பெண். ஆஸ்பத்திரியில் யாரிடம் என்ன ஆனதோ என்று எனக்கும் ஓடியது. அவளையே கேட்டேன்.

"அங்க எங்க வார்டுல ஒருத்தியும் ஒதுங்கலை அண்ணி" என்றாள், வெறும் பேச்சுப் போல. "மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சதும் நின்னு போச்சு. சில பேருக்கு மார் கூடச் சுரந்துச்சு. பிள்ளை பெறாதவளுக்கும்."

நம்புகிற மாதிரியா இருக்கிறது? மாத்திரை தலைக்குப் போட்டது, அது ஏன் கீழே போகிறது? எனக்குப் புரியவில்லை. ஆனால் அவள் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. பைத்தியம் பிடித்திருந்தபோது கூட அவள் மரத்திடம் நியாயமான கேள்விதான் கேட்டாள்.

5

அடுத்த கலாட்டா கேட்டில். விடிந்தும் விடியாமலும் வரிசையில் நிற்கிறோம். சூசையம்மா அஞ்சலையின் ரவிக்கையைத் தடவினவள் கையை வெடுக்கென்று இழுத்தாள். ஈரம். விரலை மோந்து பார்த்தாள்.

"பாலு! சார்ஜன், இங்க வாங்க! டின் பால் கடத்துறா!"

டின் பால் கடத்தினால் ஜெயில். நாடு கடத்தி இந்தியாவுக்கு அனுப்பினாலும் அனுப்புவார்கள், அஞ்சலை இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. சார்ஜன் வந்தார். டின்னைத் தேடச் சொன்னார். சூசையம்மா தேடோ தேடு என்று தேடினாள், கொண்டைக்குள் கூடக் கையை விட்டுப் பார்த்தாள். டின் இருந்தால்தானே.

டின் இல்லாமல் பால் எங்கிருந்து வந்தது என்று அரசாங்கம் யோசித்தது. அரசாங்கம் யோசித்தால் நேராகக் காட்டுக்குத்தான் போகும். பால் இருக்கிறது, அப்படியானால் பிள்ளை இருக்கிறது. பிள்ளை லயத்தில் இல்லை, அப்படியானால் காட்டில் இருக்கிறது. அப்பன் துப்பாக்கியோடு இருக்கிறான். ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். நானும் ஏறி உட்கார்ந்துவிட்டேன். இறங்கு என்றார்கள். "அவளைத் தனியா அனுப்பமாட்டேன், என்னையும் சேர்த்துச் சுடுறதுன்னா சுடு" என்றேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது, வாய்க்கு அதைவிட வயது அதிகம்.

தோட்டத்து ஆபீஸில் கிராணி மொழிபெயர்க்க வந்தார். நம்ம ஆள்தான், வெள்ளைச் சட்டை, பேனா.

"பிள்ளை எங்கேன்னு கேக்குறார்" என்றார்.

"பெத்தாத்தானே எங்கேன்னு சொல்ல?" என்றாள் அஞ்சலை. "எல்லாம் மாத்திரையால. ஆஸ்பத்திரி பெரிய மிஸ்ஸியைக் கேக்கச் சொல்லுங்க. எங்க வார்டுல எல்லாருக்கும் இப்படித்தான்."

கிராணி சார்ஜனிடம் இரண்டே வார்த்தை சொல்லிவிட்டுப் பேனாவை மூடினார்.

"அவ அவ்வளவு பேசினா, நீங்க இத்துனூண்டு சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"பைத்தியம் உளறுதுன்னு சொன்னேன். அதுக்கு மேல என்னத்தச் சொல்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் சார்ஜனே எழுந்துவிட்டார். அந்த மலாய்க்காரருக்குக் கிராணியைவிடக் கொஞ்சம் மூளை இருந்தது. வீட்டில் பிள்ளை பெற்ற சம்சாரம் இருந்திருப்பாள். தோட்டங்களைச் சுற்றி வருகிற வெள்ளைக்கார டாக்டரிடம் காட்டிவிடலாம் என்றார்.

டாக்டர் திரைக்குப் பின்னால் பார்த்தார். கை கழுவிக்கொண்டே ட்ரெஸ்ஸரிடம் சொன்னார். ட்ரெஸ்ஸர் எங்களிடம் சொன்னார்: "பிள்ளையும் பெறலை, ஒண்ணும் பெறலை. பொண்ணு பொண்ணாத்தான் இருக்கா. மாத்திரையோட வேலை. ஆகும்."

ஆகும். மழை வரும் என்பது போல.

"தெரிஞ்சிருந்தா மாத்திரை குடுக்கும்போதே சொல்லியிருக்கலாமே, கேளுங்க" என்றேன். ட்ரெஸ்ஸர் தயங்கித் தயங்கிக் கேட்டார். டாக்டர் துண்டில் கை துடைத்தார்.

"யாரும் கேக்கலையேங்கிறார்" என்றார் ட்ரெஸ்ஸர்.

6

அரசாங்கம் விட்டுவிட்டது. லயம் விடவில்லை. அரசாங்கத்துக்கு ஒரு டாக்டர் சொன்னால் போதும், பொன்னுத்தாயிக்குப் போதாது. அவள் கணக்குப்படி பிள்ளை ஆஸ்பத்திரியிலேயே பிறந்து அங்கேயே விற்கப்பட்டுவிட்டது. விலை கூடச் சொன்னாள்.

என் மாமியார் பேச்சு தாங்காத மனுஷி. அஞ்சலையின் மாத்திரைப் புட்டியை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார்.

"டாக்டர் சொன்னான் டாக்டர் சொன்னான்னா? டாக்டர் வாய்ச்சொல் வேலியில காயுமா? பாய் காயணும். பாய் காஞ்சாத்தான் மாத்திரை."

"மாத்திரையை நிறுத்தினா மறுபடியும் பழையபடி ஆயிடுவா அத்தை."

"ஆகட்டும். பைத்தியம்னா நாலு பேர் பாவம்னு சொல்வான். இதுக்கு என்ன சொல்வான்?"

லயத்தில் அதுதான் நடப்பு. பைத்தியத்துக்கு இரக்கம் கிடைக்கும், காயாத பாய்க்குக் கிடைக்காது.

இரண்டொரு நாளில் அஞ்சலையின் தூக்கம் போயிற்று. நிரையில் அவள் பக்கத்தில்தான் எனக்கு வேலை. திடீரென்று கத்தியை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணி, மரம் மூச்சு விடுது. இன்னும் பேசலை. பேசறதுக்குள்ள ஏதாவது செய்யுங்க."

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் வாசலில் நின்று, குழாயடி வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: "அஞ்சலை, அடுப்பைத் தொடாதே, பின்பக்கம் போய் உக்காரு!" தனித் தட்டு, தனிப் பாய், எல்லாம் முறைப்படி. துணிக்கு என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். அதற்கும் வழி வைத்திருந்தேன். இங்கே பேத்தி முகத்தைச் சுளிக்கிறாள், அதனால் விட்டுவிடுகிறேன்.

மூன்றாம் நாள் பாயைத் தண்ணீரில் முக்கி, சொட்டச் சொட்டக் கொண்டுபோய் வேலியின் நட்டநடுவில் விரித்தேன். பொன்னுத்தாயி குடத்தை வைத்துவிட்டு நின்று பார்த்தாள். ஒரு கொடியேற்றத்தைக் கூட அவ்வளவு மரியாதையாக யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். மாமியார் மடியிலிருந்து புட்டியை அவிழ்த்துத் தன் கையாலேயே மகளுக்கு மாத்திரை கொடுத்தார். கொடுத்துவிட்டு, குழாயடிக்குப் போய், வேலை ஒன்றுமில்லாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

மாதாமாதம் அப்படித்தான். அஞ்சலை பின்பக்கம் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வாள், நான் அடுப்படியில் வேகுவேன். "அண்ணி, புளி கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்று அங்கிருந்து குறை வேறு. வராத தீட்டுக்கு லீவு எடுத்த மகராசி இந்த உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். என் வயிற்றில் மூத்தவன் வந்து, என் பாய் நின்ற பிறகும் அவள் பாய் நிற்கவில்லை.

7

இந்த எண் மூச்சு வாங்க இல்லை. நானே போடச் சொன்னேன்.

மூத்தவன் பிறந்ததும் எனக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. மார் வற்றிவிட்டது, கண் திறக்க முடியவில்லை. பிள்ளை கத்திக் கத்தி நீலம் பாரித்துப் போனது. டின் பால் வாங்கலாம் என்றால் கடைக்குப் போய் வர அனுமதிச் சீட்டு வேண்டும். பாதி மயக்கத்தில் இருக்கிறேன், சட்டென்று அழுகை நின்றது. செத்துப்போயிற்று என்று நினைத்து எழுந்து உட்கார்ந்தேன்.

அஞ்சலை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளை அவள் மாரில் இருந்தது.

"கோவிச்சுக்காதீங்க அண்ணி. சும்மாத்தானே வீணாப் போகுது" என்றாள்.

வாசல்படியில் மாமியார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். பாய் காய்கிற வீட்டில் பால் எப்படி வந்தது என்று கேட்க அவருக்குத் தெரியாதா? அவர் திரும்பி, வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பொன்னுத்தாயி எட்டிப் பார்க்க வந்தபோது, "பிள்ளை தூங்குது, போடி" என்ற சத்தம் மட்டும் கேட்டது.

எனக்கு மார் ஊறி வருகிறவரைக்கும் அவள்தான் கொடுத்தாள். இன்றைக்கு டாக்டர் கேட்டால் மாத்திரை சாப்பிடுகிறவள் அப்படிக் கொடுக்கலாமா என்று திட்டுவாள். திட்டட்டும், அன்றைக்கு எங்களிடம் இருந்தது அதுதான்.

அடுத்த மாதம் நான் எழுந்து நடமாடி, பாயை நனைக்கப் போனபோது பாயைக் காணோம். வேலியில் காய்ந்துகொண்டிருந்தது. மாமியார் முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு அது அவர் வேலையாகிவிட்டது. என்னைவிட நன்றாக நனைப்பார்.

அவசரகாலம் முடிந்து வேலியைப் பிடுங்கிப் போட்டபோது பாயை எங்கே காயப்போடுவது என்று பொம்பளைகள் தோட்டத்து மேனேஜரிடம் மனு கொடுத்தார்கள். முதல் ஆளாக நின்றது பொன்னுத்தாயி.

அஞ்சலைக்கு மாத்திரை மாறியது, பிறகு இன்னொன்று மாறியது. நின்று போயிருந்த தீட்டும் ஒருநாள் தானாகத் திரும்பி வந்தது. "சனியன், லீவு போச்சே அண்ணி" என்றாள். கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டாள். என் ஆறையும் அவள்தான் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனாள். மரம் கடைசி வரைக்கும் மரமாகவே இருந்தது. செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அவளை நான் வளர்த்தேன் என்று மேலே சொன்னேன், அது பெருமைக்குச் சொன்னது. ஆனால் எடுக்கமாட்டேன், இருக்கட்டும்.

8

கிளினிக்கிலிருந்து வந்த அன்றைக்கு என் மூத்தவனுக்குப் போன் போட்டு டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"அம்மா, அந்த மாத்திரையை முதல்ல நிறுத்துங்க. பீரியட் எல்லாம் நின்னா நாளைக்கு யார் கட்டுவா? வெளிய யாருக்கும் சொல்லாதீங்க" என்றான்.

மாடி வீடு, காவல்காரன், மேல்படிப்பு. பேச்சு மட்டும் அதே லயத்துக் குழாயடி.

"டாக்டர் நிறுத்தாதேன்னிருக்கா. நிறுத்தமாட்டோம்" என்றேன். "சரி, ஊர் மலர்ல ஏதோ எழுதுறீங்களாமே, நம்ம வீட்டு விஷயமெல்லாம் எழுதிடாதீங்க. மானம் போயிடும்" என்றான். மானம் எங்கே இருக்கிறது என்று இவனுக்கு யார் சொன்னார்களோ. அத்தை அஞ்சலை பால் கொடுத்த சங்கதி அவனுக்குத் தெரியாது. யாரும் சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை.

பேத்தி ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். புதன்கிழமை வேறு மாத்திரை தருவார்கள். இப்போது தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். போன் அடிக்கிறது.

"பாட்டி, அப்பா."

எடு கண்ணு. வைத்துவிடாதே, சத்தமாகக் கேட்கிற மாதிரிப் போட்டு இப்படி நடுவில் வை. நான் பேசவில்லை. நீ முதல் எழுத்திலிருந்து படித்துக் காட்டு, எனக்குச் சரியாக வந்திருக்கிறதா பார்க்க வேண்டும். ஏழாம் எண் வந்ததும் நிதானமாகப் படி. அவன் பால் குடித்த இடத்தை இரண்டு தடவை படி.